முட்கம்பியின் ஏத்தம்

முட்கம்பி கெட்டுப்போய்விட்டது என்று உலகத்துக்கு முதலில் அறிவித்தவன் ஒரு பின்லாந்துக்காரன். உடனே பிரேசிலிலிருந்து ஒருத்தன், கெடவில்லையடா, வளர்ந்திருக்கிறது, உன் காதுதான் வளரவில்லை என்று பதில் போட்டான். மட்டக்களப்பு நகரத்தில், தான் வேலை பார்க்கும் இன்டர்நெட் கடையில் இருந்து இரண்டையும் வாசித்த உசாந்திக்குக் கொட்டாவி வந்தது. யுத்தம் முடிந்துவிட்டதென்று வெளியே வீதியில் வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். கடைக்குள் இருந்த நாலைந்து பேரும் அந்தச் சத்தத்துக்குத் தலையைக்கூடத் திருப்பவில்லை.

முட்கம்பி என்பது ஒரு நோர்வே இசைக்குழு. அவர்கள் வாசிக்கும் வகைக்கு சிம்ஃபொனிக் பிளாக் மெட்டல் என்று பெயர். முகத்தில் சுண்ணாம்பும் கரியும் பூசிக்கொண்டு, பேய் பிடித்தவர்கள் மாதிரிக் கத்துவார்கள். அந்தக் கத்தலுக்குப் பின்னால் ஒரு பட்டாளம் வயலினும் கோரஸும் ஓடும். குழுவின் உண்மையான பெயர் வேறு. கசட் மட்டையில் அந்தப் பெயரை எழுதியிருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, “இதென்ன எழுத்தாடா? முட்கம்பிச் சுருளை உதறிப் போட்டிருக்கானுகள்” என்று உசாந்தியின் அண்ணன் கேதீசன் சொன்னான். பிறகு சரியான பெயர் தெரியவந்தபோதும் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. மட்டக்களப்பு முழுவதும் தேடினாலும் அதன் ரசிகர்கள் நாலு பேர்தான் தேறுவார்கள். நாலு பேருக்கும் அது முட்கம்பிதான்.

இப்போது மூன்று பேர். சுனாமியன்று, சொந்த ஊரான பெரியகல்லாற்றில், கேதீசனைக் கடல் கொண்டுபோனது. அன்று ஞாயிற்றுக்கிழமை, வலை இழுக்கிறவர்களுக்குக் கைகொடுக்கிறேன் என்று கரைக்குப் போனவன். உசாந்தி நகரத்தில் ரியூஷன் வகுப்பில் இருந்ததால் தப்பினாள். உடல் கிடைக்கவில்லை. வீட்டோடு சேர்த்து அவன் படங்கள், சேர்ட்டுகள், பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் எல்லாம் போயின. அம்மா அவன் பெயரை வாயில் எடுப்பதில்லை; வேறு யாராவது எடுத்துவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. உசாந்திக்கோ இப்போது அண்ணனின் முகத்தில் சந்தேகம் வரத் தொடங்கியிருந்தது. கண் ஞாபகம் இருந்தது. மூக்கு சரியாக வரமாட்டேன் என்றது. இது அவளுக்குப் பயமாக இருந்தது, அதை யாரிடமும் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

அவன் பெயரைத் தாராளமாகச் சொல்ல அவளுக்கு ஒரே ஒரு இடம்தான் மிச்சம். முட்கம்பியின் புதிய இசைத்தட்டு வரும்போதெல்லாம் மிஞ்சிய மூன்று பேரும் ஒன்றுகூடிக் கேட்பார்கள். அந்த நாளில் கேதீசன் அப்படிச் சொன்னான், கேதீசன் இப்படிச் சிரித்தான் என்று பேச்சு ஓடும். அதற்காகத்தான் அவள் போவாள். உண்மையைச் சொன்னால், சுனாமிக்குப் பிறகு அவளுக்கு எந்தப் பாட்டும் ஏறுவதில்லை. வயலினும் சரி, கத்தலும் சரி, காதுக்கு வெளியே நின்றுவிட்டுப் போய்விடும்.

அன்று மாலை உன்னிச்சையிலிருந்து சிவதர்சன் தொலைபேசியில் வந்தான். அவளுடைய மாமி மகன், கேதீசனின் வயதுக்காரன்.

“மச்சாள், பின்லாந்துக்காரன் என்ன சொல்றான்?”

“கெட்டுப்போச்சாம்.”

“நான் அப்பவே சொன்னன். ஞாயிறு வா. முத்தலிப்புக்கும் சொல்லு. இதுதான் கடைசி கா. இதுவும் சரியில்லாட்டி நான் முட்கம்பியை விட்டுட்டன். இனி ஆரும் கூடவும் தேவல்ல, கேக்கவும் தேவல்ல. அந்தக் கசட்டைக் குளத்தில வீசிட்டு வயலைப் பாக்கப்போறன்.”

“கசட் உங்களுக்கு என்ன செஞ்ச?”

“அது சும்மா கிடந்து என்னை ஏசுது மச்சாள். எனக்கு ஏலாமக் கிடக்கு.”

உசாந்தி தொலைபேசியை வைத்தாள். பாட்டு கெட்டாலென்ன, நல்லாயிருந்தாலென்ன? இந்த மூன்று பேரும் உடைந்துபோனால், கேதீசன் என்று ஒருத்தன் இருந்ததைச் சொல்ல இந்த ஊரில் ஆள் இல்லை.

சிவதர்சனிடம் அவள் மறைத்த விஷயம் ஒன்று இருந்தது. அவனுக்கு இன்டர்நெட்டும் இல்லை, இங்கிலீசும் அவ்வளவு போகாது. ஆகவே வருடக்கணக்காக அவன் தொலைபேசியில் வாதாட, அதை இவள் இங்கிலீசில் தட்டி ரசிகர் பக்கத்தில் போடுவாள். அவன் வாதம் எப்போதும் ஒன்றுதான். முதல் இசைத்தட்டின் மூன்றாவது பாட்டில் ஒரு இடம் வரும். வேகமாக ஓடும் பாட்டு மெல்ல மெல்லத் தளரும். குரல் கிணற்றுக்குள் இறங்கும். வயலின்கள் கனத்து, முழுப் பாட்டும் நின்றுவிடுமோ என்று நெஞ்சு பதறும்போது, ஒரு குலுக்கல் குலுக்கிக்கொண்டு மறுபடியும் எழுந்து ஓடும். நெல் மூட்டை ஏற்றிய வண்டில் அணைக்கட்டில் ஏறி இறங்குகிற மாதிரி இருக்கிறதென்று, அந்த இடத்துக்கு அவர்கள் ஏத்தம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அப்படியொரு ஏத்தத்தைச் செய்தவர்கள் இன்றைக்கு இப்படி வழுவழுவென்று வாசிக்கலாமா என்பதுதான் சிவதர்சனின் கேள்வி. அதற்கு வெளிநாட்டு ரசிகர்கள், பின்லாந்தும் பிரேசிலும் முதல்முறையாக ஒற்றுமைப்பட்டு, ஒரே பதிலைச் சொன்னார்கள்: அந்தப் பாட்டில் அப்படி ஒரு இடமே கிடையாது, உன் கசட் பழுது. உசாந்தி அதை வாசித்தாள். “அவங்களும் உங்கட பக்கம்தான் மச்சான்” என்று சொல்லிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, புதிய பாட்டுகளை ஒரு சீடியில் அடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ்ஸின் முன்கண்ணாடியில் சிங்கக் கொடி கட்டியிருந்தது. கட்டச்சொன்னதால் கட்டிய கொடி என்று அதன் முடிச்சிலேயே தெரிந்தது. வன்னியில் பிள்ளைகள் இருந்தவர்கள் மடியில் கையை வைத்துக்கொண்டு யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

வலையிறவுப் பாலத்துச் சோதனைச் சாவடியில் இறங்கி நடந்தபோது, எப்போதும்போல அவளுக்கு அந்தப் பழைய மாசி மாதம் நினைவுக்கு வந்தது. அப்போது அண்ணனுக்கு உயர்தரம் படிக்கிற வயது. அவனோடு படித்த ஏறாவூர் முத்தலிப்பின் மாமா கட்டாரிலிருந்து விடுமுறையில் வரும்போது அந்தக் கசட்டைக் கொண்டுவந்திருந்தார். அவர் திரும்புவதற்குள் பிரதி எடுத்துவிட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்ற பேச்சில் முத்தலிப் அதைக் கேதீசனிடம் கொடுத்தான். பதிவு செய்யும் ரெக்கோடர் சிவதர்சனிடம்தான் இருந்தது. அவனோ அறுவடைக்கு உன்னிச்சைக்குப் போயிருந்தான். சரி, நாமே போவோம் என்று அண்ணனும் தங்கச்சியும் ஒரு வோக்மனையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள்.

பாலத்துக்கு அப்பால் உள்ள படுவான்கரை அப்போது இயக்கத்தின் கையில். அந்தப் பக்கம் பெட்டரி கொண்டுபோகத் தடை. சாவடியில் நின்ற ஆமிக்காரன் கசட் மட்டையிலிருந்த வெள்ளை முகங்களைப் பார்த்து, “யக்கா?” என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தான். பேயா என்று அர்த்தம். கேதீசனும் சிரித்துத் தலையாட்டினான். ஆமிக்காரன் மட்டையைத் திருப்பிக் கொடுத்தான், வோக்மனைத் திறந்து இரண்டு பெட்டரியையும் எடுத்து வைத்துக்கொண்டான். “பேயைக் கொண்டுபோகலாமாம், பெட்டரிதான் ஏலாதாம்” என்று அண்ணன் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தான்.

முத்தலிப் அவளுக்கு முன்னமே மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்திருந்தான். ஏறாவூரில் அரிசி வியாபாரம், வயிறு வைத்துவிட்டது, முன் தலையில் முடி கழன்றுவிட்டது. சிவதர்சன் மெலிந்து கறுத்து, தகரக் கொட்டிலின் வாசலில் குந்தியிருந்தான். இரண்டு வருடம் முன்பு ஷெல் விழுந்து ஊர் எழும்பி ஓடியபோது, அவன் கொண்டு ஓடியது உடுக்க ஒரு சாரம், அடையாள அட்டை, அந்தக் கசட். முகாமில் அதைத் தலைக்குக் கீழே வைத்துப் படுத்தவன்.

“செட் ரெடி” என்றான். இப்போது கடையில் பெட்டரி தாராளம். சீடியும் கசட்டும் போடக்கூடிய ஒரு செட்டை வாங்கி, பலகைப் பெட்டியில் வைத்திருந்தான்.

சீடி ஓடியது. முதல் பாட்டில் கத்தலே இல்லை. ஒரு மனிதன் சாதாரணமாக, கொஞ்சம் கரகரத்த குரலில் பாடினான். பின்னால் பெண்களின் கோரஸ். இரண்டாவதில் பியானோ. மூன்றாவதில் கடைசியாக ஒரு தரம் கத்திப் பார்த்தான், அதுவும் யாரையோ கூப்பிடுகிற மாதிரித்தான் இருந்தது. உசாந்தி நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தாள், இல்லை என்றும் நினைத்தாள், இரண்டில் ஒன்றைப் பிடிக்கத் தெம்பில்லாமல் கோப்பையிலிருந்த பிளேன்டீயைக் குடித்தாள்.

சிவதர்சன் பட்டனை அமத்தினான். “போதும். சேர்ச்சில பாடுற மாதிரிக் கிடக்கு. நோர்வேக்காரன் எல்லாரும் ஒண்டுதான். சமாதானம் எண்டு வந்தவனும் இடையில விட்டுட்டுப் போனான், இவனுகளும் போறானுகள்.”

“எனக்குப் பிடிச்சிரிக்கி” என்றான் முத்தலிப்.

“உனக்கு எல்லாம் பிடிக்கும்.”

“எத்தின வருசமாடா கத்துற? அவனுக்கும் பிள்ளை குட்டி இரிக்கும். தொண்டை களைச்சிரிக்கும். களைச்ச மனிசன் களைச்ச மாதிரிப் பாடுறான். அதில என்ன பிழை?”

“களைச்சா வீட்ட இருக்கட்டும். கேதீசன் இருந்தா இதைக் கேட்டுக் காறித் துப்பியிருப்பான்.”

“கேதீசன் துப்ப மாட்டான். நீ உன்ட கோவத்தையெல்லாம் மவுத்தாப்போனவன்ட வாயில வைக்காத.”

சிவதர்சன் எழுந்துவிட்டான். கொட்டிலின் கூரை தலையில் இடித்தது. “நீ ஆரு கதைக்க? உனக்கு அவன்ட பாட்டும் தெரியா, ஏத்தமும் தெரியா. நாங்க ஷெல்லுக்க அந்தக் கசட்டைக் கொண்டு ஓடினனாங்க. நீ ஏறாவூரில அரிசி வித்துக்கொண்டு இருந்தாய்.”

“மச்சான், இரிங்க” என்றாள் உசாந்தி. யாரும் கேட்கவில்லை. கூட்டம் உடைகிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

முத்தலிப் வாசலுக்குப் போனான். போய்விடுவான் என்று அவள் நினைத்தாள். மோட்டார் சைக்கிள் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான். அதே வெள்ளை முகங்கள், அதே முட்கம்பி எழுத்து. மாமாவின் கசட்.

“மாமா கட்டாரை விட்டு ஒரேயடியா வந்தப்ப தந்தார். சுனாமிக்கு முந்தின வருசம். நான் போட்டுக் கேட்டன். அண்டைக்கே உங்களுக்குச் சொல்லியிரிக்கணும். சொல்லுவம், கேதீசனுக்கு முன்னால வச்சுச் சொல்லுவம், சிரிப்பான் எண்டு இருந்தன். மறுகா கடல் வந்திட்டு. அதுக்குப் பிறகு எப்பிடிச் சொல்லுற?”

“என்னத்தை?”

“கேளு.”

மூன்றாவது பாட்டைத் தேடிப் போட்டான். பாட்டு ஓடியது. அந்த இடம் வந்தது, போனது. தளரவில்லை, இறங்கவில்லை, நிற்கவில்லை. வேகமாக வந்து வேகமாகவே முடிந்தது. சிவதர்சன் தானே எழும்பிப் பின்னுக்குச் சுற்றி இன்னொரு தரம் போட்டான். அப்போதும் ஏத்தம் இல்லை.

சிவதர்சன் பாயில் இருந்துவிட்டான். அவன் முகத்தைப் பார்க்க உசாந்திக்குப் பாவமாக இருந்தது. இத்தனை வருடமாக உலகத்தோடு சண்டை பிடித்தது இல்லாத ஒன்றுக்காகவா?

“அப்ப அவனுகள் சொன்னது சரி. எங்கட கசட்தான் பழுது” என்றான். குரலில் கோபம் கூட இல்லை. “பழுதான சாமானைத் தூக்கிக்கொண்டுதான் ஓடித் திரிஞ்சிருக்கன்.” பெட்டிக்குள் கையை விட்டு, தன் கசட்டை எடுத்து, செருப்பை மாட்டிக்கொண்டு அணைக்கட்டுப் பக்கம் நடந்தான். சொன்னதைச் செய்கிற ஆள் அவன்.

உசாந்தி பின்னால் ஓடவில்லை. அவள் வாசலில் நின்று, கொட்டிலுக்குப் பக்கத்தில் சாத்தியிருந்த அவனுடைய சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சக்கரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த டைனமோவைப் பார்த்தாள். பிறகுதான் ஓடினாள்.

“மச்சான்! நில்லுங்க! அது பழுதில்ல. அது அண்ணன்!”

அணைக்கட்டில் பாதி ஏறியிருந்த சிவதர்சன் திரும்பினான். அவளுக்கு மூச்சு வாங்கியது.

“பெட்டரியை ஆமி எடுத்திட்டான். மறுகா வோக்மனை எதில ஓட்டின நாம?”

“சைக்கிள் டைனமோவில.”

“ஆரு மிதிச்ச?”

சிவதர்சன் இரண்டடி கீழே இறங்கி வந்தான்.

ரெக்கோடருக்கு டிரக்டர் பெட்டரி இருந்தது. வோக்மனுக்கு ஒன்றும் இல்லை. சிவதர்சன் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வோக்மனுக்குக் கொடுத்தான். கரண்ட் அளவுக்கு மேலே போகாமல் தடுக்க ஒரு சின்னத் துண்டை இடையில் வைத்துப் பற்றவைத்திருந்தான். அளவு குறைந்தால் தூக்கிவிட ஒரு துண்டும் அவனிடம் இருக்கவில்லை; மிதி தளர்ந்தால் வோக்மனில் பாட்டும் தளரும். வோக்மனின் இயர்போன் ஓட்டையில் வயரைக் குத்தி ரெக்கோடருக்குக் கொடுத்ததால் வெளியே சத்தமும் கேட்கவில்லை. சிவதர்சன் உள்ளே ரெக்கோடருக்குக் காவல். வெளியே கேதீசன் சைக்கிளில் ஏறி, எங்கேயும் போகாமல் மிதித்தான். விடியப்புறம் தொடக்கம் மாமி வீட்டு வட்டையில், அந்த நீண்ட வயல்வெளியில், வேளாண்மை வெட்டிக் கதிர் சுமந்தவன் அவன். பாட்டு கேட்காமல், பாட்டுக்காக மிதித்தான். முத்தலிப்பின் மாமா அவசரப்படுத்தினதால் அடுத்த நாளே கசட் ஏறாவூருக்குப் போய்விட்டது. அதனால் பிரதியைத்தான் எல்லோரும் முதலில் கேட்டார்கள், அதையே பாட்டென்று நம்பினார்கள்.

“நான் தண்ணி கொண்டு போனன்” என்றாள் உசாந்தி. “அவன்ட கால் ஓடல்ல மச்சான். மிதி அப்பிடியே இழுத்து இழுத்துப் போகுது. முகமெல்லாம் வேர்வை. நிப்பாட்டு எண்டா, நிப்பாட்டினா பாட்டு அறுந்திரும் எண்டு சொல்றான். நான்தான்...”

முத்தலிப்பும் மேலே ஏறி வந்திருந்தான். சிவதர்சன் கையிலிருந்த கசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மற்ற இருவருக்கும் முன்னால் கொட்டிலை நோக்கி இறங்கினான்.

செட்டில் அதைப் போட்டவள் உசாந்திதான். நாடா தேய்ந்து இரைந்தது. மூன்றாவது பாட்டு. வயலின்கள் ஓடிவந்தன, அந்த நோர்வேக்காரன் கத்தினான், மேளம் அடித்தது. பிறகு தளரத் தொடங்கியது. இத்தனை வருடம் அவள் இதைப் பேயின் குரல் இறங்குவதாக நினைத்திருந்தாள். இப்போது இரண்டு முழங்கால்கள் கேட்டன. ஒன்று இறங்க, ஒன்று ஏற, கதிர் சுமந்து கனத்த கால்கள். இன்னும் தளர்ந்தது. வயலின்கள் முனகின. அவளுக்கு அவன் முகம் வந்தது, நெற்றி வேர்வை வழிந்து நுனியில் நின்ற அந்த மூக்கோடு, முழுசாக வந்தது.

நின்றுவிடப்போகிற இடத்தில் அவள் பட்டனை அமத்திவிட்டாள்.

இதற்கு அடுத்து வருகிற குலுக்கல் எதுவென்று அவளுக்குத் தெரியும். அண்ணன் இறங்குகிற குலுக்கல். அதற்குப் பிறகு ஓடுவது அவன் இல்லை. விட்டால் அவன் இறங்கிவிடுவான். இந்தப் பக்கத்திலேயே வைத்திருந்தால், சைக்கிளிலேயே இருப்பான், தன்னிடமே இருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. விரலை எடுக்க மனம் வரவில்லை.

“பாவம் கா” என்றான் சிவதர்சன் மெதுவாக. “களைச்சிட்டான்.”

அவள் கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டிருந்தது. சுனாமிக்குப் பிறகு ஒரு பாட்டு அவளுக்குள் போனது அப்போதுதான். பட்டனை மறுபடி தட்டினாள். கடைசி மிதி, இழுபட்டு இழுபட்டு வந்தது.

“இறங்கு அண்ணே” என்றாள், அன்றைக்குச் சொன்ன அதே மாதிரி. “இனி நான் மிதிக்கிறன்.”

ஒரு குலுக்கல் குலுங்கிவிட்டுப் பாட்டு எழுந்து ஓடியது.